மலையில் ஒரு கிறிஸ்துமஸ்: மனசாட்சிக்கு உகந்த பரிசுகளைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

குன்னூருக்கு அருகே, தேயிலைத் தோட்டம் ஒன்றை ஒட்டிய சிறிய சபையில் ஓய்வுநாள் பள்ளியை (பிள்ளைகளுக்கான ஞாயிறு வேத வகுப்பை) நடத்திவரும் சகோதரி ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்டிருக்கிறார்: “எங்கள் சபையில் 60 பிள்ளைகள் இருக்கிறார்கள். கிறிஸ்துமஸ் மரம் நிகழ்ச்சியன்று ஒவ்வொருவருக்கும் 200 ரூபாய்க்குள் ஒரு பரிசு கொடுக்க வேண்டும். அதோடு என் மாமியார், மாமனார், அம்மா, கணவர், அண்ணன், நாத்தனார் என வீட்டுப் பெரியவர்கள் ஆறு பேர். ஒவ்வோர் ஆண்டும் மலையிறங்கிப் போய் மொத்த விலைக் கடையில் பிளாஸ்டிக் பொம்மைகளை வாங்கி வருகிறோம். பொங்கல் வருவதற்குள் அவை குப்பைக்குப் போய்விடுகின்றன. இந்த ஆண்டாவது, செய்தவருக்கும் பெறுபவருக்கும் இந்த மண்ணுக்கும் கேடு விளைவிக்காத பரிசுகளை வாங்க விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது?”

இந்தக் கேள்வியை நவம்பர் தொடக்கத்திலேயே கேட்டது நல்லதாயிற்று. கடைசி வாரத்தில் வாங்கும்போது கடைக்காரர் எடுத்துக் காட்டுவதே நம்முடைய தேர்வாகிவிடுகிறது. ஆறு வாரம் கையில் இருந்தால் யோசிப்பதற்கு இடம் கிடைக்கிறது.

அறவழியில் வாங்குவது என்றதும் நம்மில் பலருக்குக் கடைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. எந்தக் கடையில் இயற்கைப் பொருள் கிடைக்கும், எதில் எந்த முத்திரை இருக்கும் என்று தேடத் தொடங்கிவிடுகிறோம். என் அனுபவத்தில் இந்த வரிசை தவறானது. பெறப்போகிறவர் யார், அவருடைய நாள் எப்படிக் கழிகிறது, அவரிடம் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். செய்தவருக்கு நியாயமான கூலி கிடைத்ததா என்பதை அதற்குப் பிறகும், பொருள் பழுதடைந்த பின் அது எங்கே போய்ச் சேரும் என்பதைக் கடைசியாகவும் கேட்டுக்கொள்ளலாம். மிக நேர்மையாகத் தயாரான ஒரு பொருளும், அதற்குத் தேவையே இல்லாதவர் வீட்டு அலமாரியில் கிடந்தால் வீண்தான். செய்தவரின் உழைப்பும் அதோடு வீணாகிறது.

இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கோத்தகிரியில் எங்கள் சபைப் பிள்ளைகளுக்குப் பரிசு வாங்கும் பொறுப்பில் இருந்தவன் என்ற முறையில், நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஓர் ஆண்டு பிள்ளைகள் எல்லோருக்கும் பேட்டரியில் ஓடும் சிறிய கார்களை வாங்கினேன். மேடையில் அவை விளக்கெரிய ஓடியபோது பிள்ளைகள் துள்ளிக் குதித்தார்கள். இரண்டாம் நாளே பாதிக் கார்கள் நின்றுவிட்டன. அடுத்த ஞாயிறு ஒரு தாய் என்னிடம் வந்து, அடிப்பக்க மூடி தானாகக் கழன்று, உள்ளிருந்த பொத்தான் போன்ற பேட்டரியைத் தன் இளைய குழந்தை வாயருகே கொண்டுபோனதாகச் சொன்னார். அந்தப் பேட்டரி எவ்வளவு ஆபத்தானது என்பதை அன்று வரை நான் அறிந்திருக்கவில்லை. விழுங்கிய பொத்தான் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே திசுவைக் கடுமையாகப் புண்ணாக்கிவிடும், உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த ஆண்டுக்குப் பிறகு, பேட்டரி அறையைத் திருகாணி போட்டு இறுக்காத எந்தப் பொம்மையையும் நான் கையில் எடுப்பதில்லை.

ஆகவே பிள்ளைகளின் பரிசைப் பற்றிச் சொல்லும்போது பாதுகாப்பையே முதலில் வைக்கிறேன். குழந்தைக்குக் காயம் உண்டாக்கும் பரிசில் அறம் எங்கே இருக்கிறது? இந்தியாவில் 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை 2021 ஜனவரி 1 முதல் கட்டாயம். பதிவுபெற்ற கைவினைஞர்கள் செய்து விற்கும் பொம்மைகளுக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளை அதற்குரிய பதிவோடு செய்பவர்களுக்கும் இதில் விலக்கு உண்டு. எனவே தொழிற்சாலையில் தயாரான பிளாஸ்டிக் பொம்மையில் அந்த முத்திரை இல்லையென்றால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்க வேண்டாம். மலிவான வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கக்கூடும் என்பதும், சிறு குழந்தைகள் எதையும் வாயில் வைப்பார்கள் என்பதும் நீங்கள் அறிந்தவையே. மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு, தொண்டையில் சிக்கக்கூடிய சிறு பாகம் எதுவும் இருக்கக் கூடாது. பொம்மைச் சோதனைகளில் இதற்காகச் சுமார் 32 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளையைப் பயன்படுத்துகிறார்கள். பத்து ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர். அந்த நாணயத்தைவிடச் சற்றே பெரிய ஒரு வட்டத்துக்குள் நுழைந்துவிடும் எதுவும் சின்னக் குழந்தைக்கு ஆகாது என்று நினைவில் வைத்துக்கொண்டால் கடையிலேயே முடிவெடுத்துவிடலாம். ஊதாத பலூனும் வெடித்த பலூனின் துண்டும் இந்தக் கணக்கில் சேரும்.

கைக்குழந்தைகளுக்கும் தவழும் குழந்தைகளுக்கும் நமக்கு அருகிலேயே ஒரு நல்ல வழி இருக்கிறது. கூடலூர் வழியாக மைசூருக்கு இறங்கி, பெங்களூருச் சாலையில் சென்றால் வருகிற சென்னபட்டணத்தில், வெட்பாலை இன மரத்தைக் கடைசலில் உருட்டி, அது சுழலும்போதே அரக்கு வண்ணத்தை அழுத்திப் பூசிப் பொம்மை செய்கிறார்கள். உராய்வின் சூட்டில் அரக்கு உருகி மரத்தோடு ஒட்டிக்கொள்வதால், தூரிகையால் பூசிய வண்ணம் போல அது செதிலாக உரிவதில்லை. இந்தப் பொம்மைகளுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. கிலுகிலுப்பையும் அடுக்கு வளையமும் 200 ரூபாய்க்குள் கிடைக்குமா என்பது அளவைப் பொறுத்தது. மொத்தமாகக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கிறது. அதே பெயரில் சாதாரணப் பெயின்ட் அடித்த போலிகளும் விற்கின்றன. ஈரத் துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். நிறம் துணியில் ஏறினால் திருப்பி வைத்துவிடுங்கள்.

நான்கு முதல் ஏழு வயது வரையிலான பிள்ளைகளுக்கு விலை உயர்ந்தது எதுவும் வேண்டாம். மரப்பிடி வைத்த ஸ்கிப்பிங் கயிறு, சாட்டையோடு ஒரு பம்பரம், நல்ல வண்ணப் பென்சில்கள், தடித்த வெள்ளைத்தாள் நோட்டு, தமிழும் ஆங்கிலமும் அடுத்தடுத்து அச்சிட்ட படக்கதைப் புத்தகம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று போதும். சென்னையின் தூலிகா பதிப்பகமும் நேஷனல் புக் டிரஸ்டும் இவ்வயதுக்கான தமிழ்ப் புத்தகங்களைக் கைக்கெட்டும் விலையில் வெளியிடுகின்றன. தோட்ட வேலைக்காக ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து லைன் வீடுகளில் குடியிருக்கும் குடும்பங்களின் பிள்ளைகள் உங்கள் பள்ளியில் இருந்தால், அவர்களுக்கு இந்தி கலந்த புத்தகம் கிடைக்கிறதா என்று பாருங்கள். தன் வீட்டு மொழியில் ஒரு வரி கூட இல்லாத புத்தகத்தைப் பெறும் பிள்ளை, அது தனக்கு வந்ததல்ல என்றே எண்ணும்.

எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது ஒரு கைப்பூதக்கண்ணாடி. மலையில் வாழும் பிள்ளைக்கு அதைவிடப் பொருத்தமான பரிசு எனக்குத் தெரியவில்லை. டிசம்பர் காலையில் புல்நுனியில் படிந்திருக்கும் உறைபனியின் ஊசிகளையும், பாசியின் சிறு தண்டுகளையும், மழைக்காலத்தில் நம் புல்வெளிகளில் முளைத்துப் பூச்சியைப் பிடிக்கும் பனித்துளிச் செடியின் பசைமயிர்களையும் தன் கண்ணாலேயே பார்க்கும் பிள்ளை, பேட்டரிக் காரை வெகு விரைவில் மறந்துவிடும். எங்கள் சபையில் ஒரு முறை இதைக் கொடுத்தோம். சில ஆண்டுகள் கழித்தும் அது கைக்கு அருகிலேயே இருந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். வெயிலில் அதை வைத்துச் சருகை எரிக்கலாம் என்பதையும் பிள்ளைகள் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுவார்கள். மார்ச் மாதக் காய்ந்த புல்லில் அது தீயாகிவிடும் என்று கொடுக்கும்போதே எச்சரித்துவிடுங்கள். பெரிய பிள்ளைகளுக்கு, ஆண் பெண் என்று பிரிக்காமல், ஒரு ஜோடிப் பின்னல் ஊசியும் இரண்டு நூல் பந்தும் தரலாம். கேத்தியை அடுத்த எல்லநள்ளியில் இயங்கும் ஊசித் தொழிற்சாலையில் தயாராகும் போனி ஊசிகள் நம் மாவட்டத்துப் பொருளே. குளிரூரில் பின்னத் தெரிந்திருப்பது காலமெல்லாம் உதவும்.

பதின்ம வயதினரைப் பொறுத்தவரை ஒன்றே சொல்வேன்: அவர்களிடம் கேட்டுவிடுங்கள். தங்களுக்கு எது வேண்டும் என்று பெரியவர்களே யூகித்து வாங்கியதை அவர்கள் மரியாதைக்காகப் பெற்றுக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

இனிப் பெரியவர்கள். இங்கே நம் மலையே நமக்குக் கைகொடுக்கிறது. எனவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

வெளியூரில் இருக்கும் நாத்தனாருக்கு நீலகிரியின் அடையாளமாக ஒன்று வேண்டுமென்றால் தோடர் பூத்தையலை நினைக்கலாம். தோடப் பெண்கள் இதைப் புகூர் என்பார்கள். தடித்த வெண்பருத்தித் துணியில், முன்கூட்டி எந்தக் கோலத்தையும் வரைந்துகொள்ளாமல், துணியின் இழைகளை விரலால் எண்ணி எண்ணிச் சிவப்பு, கறுப்பு நூல்களைச் செலுத்துகிறார்கள். வேலை முடிந்த துணியை இருபுறமும் பயன்படுத்தலாம். 2013-இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பூத்துக்குளி எனப்படும் முழுப் போர்வை அவர்களுடைய வாழ்வின் முக்கியத் தருணங்களுக்கு உரியது. இறந்தவரின் உடலையும் அதில்தான் போர்த்துகிறார்கள். ஆகவே அதை வெறும் அலங்காரத் துணியாக எண்ணி வாங்கி, கொடுக்கும்போது ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் விடுவது எனக்கு உறுத்தலாக இருக்கிறது. சிறு பை, பணப்பை, மேசை விரிப்பு போன்றவை விற்பனைக்காகவே செய்யப்படுபவை. பரிசுக்கு அவை ஏற்றவை. சுற்றுலாக் கடைகளில் இதே கோலத்தை இயந்திரத்தில் தைத்தோ அச்சிட்டோ விற்கிறார்கள். பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். கைத்தையலில் இழையின் ஓட்டம் பின்னாலும் கோலமாகவே தெரியும், ஆங்காங்கே சிறு ஒழுங்கின்மையும் இருக்கும். இயந்திரத் தையலில் பின்புறம் வேறொரு நூலின் முடிச்சுகள் சீராக நிறைந்திருக்கும். அச்சுத் துணியில் பின்புறம் வெளிறியிருக்கும். போலி, கைத்தையலின் விலையில் கால்வாசிக்குக் கிடைக்கிறது என்பது உண்மை. பல நாட்கள் கண்ணை வருத்தி இழையெண்ணிய ஒருவரின் கூலியைப் பறித்துத்தான் அந்த மலிவு வருகிறது. தோடர் குடியிருப்புகளான மந்துகளில் இருந்தோ, தோடப் பெண்களிடம் நேரடியாகக் கொள்முதல் செய்யும் கடைகளில் இருந்தோ வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள். குறிப்பிட்ட அளவில் வேண்டுமென்றால் செப்டம்பரிலேயே சொல்லியிருக்க வேண்டும். இந்த ஆண்டுக்கு, இருப்பதில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே முறை. அவசரப்படுத்தித் தைக்கச் சொல்வது அவர்களுடைய கண்ணுக்கும் தோளுக்கும் நாம் செய்யும் அநீதி.

கோயம்புத்தூரில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குத் தேனும் தேயிலையும் அனுப்பலாம். நம் மலையின் பாறைத் தேன், பெட்டியில் வளர்க்க முடியாத பெருந்தேனீயுடையது. செங்குத்தான பாறைகளில் கொடியேணி கட்டி இறங்கிக் குறும்பரும் பிற பழங்குடியினரும் அதை எடுக்கிறார்கள். தெரிந்தவர்கள் எடுக்கும்போது தேன் நிறைந்த பகுதியை மட்டும் அறுத்துப் புழுக்கள் இருக்கும் அடையை விட்டுவிடுகிறார்கள். கூட்டம் மீண்டும் கட்டிக்கொள்கிறது. கோத்தகிரியில் இயங்கும் கீஸ்டோன் அறக்கட்டளை இந்தத் தேனெடுப்பவர்களோடு பணியாற்றி வருகிறது. பழங்குடியினரே பங்குதாரர்களாக உள்ள ஆதிமலை பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனம் 2013-இல் தொடங்கி, 2021-இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் ஈக்குவேட்டர் பரிசைப் பெற்றது. கோத்தகிரி, குன்னூர், உதகை ஆகிய ஊர்களில் உள்ள லாஸ்ட் ஃபாரஸ்ட் கடைகளில் தேன், தேன்மெழுகு மெழுகுவத்தி போன்ற பொருட்கள் கிடைக்கின்றன. ஆராதனைக்கு நாம் ஏற்றும் மெழுகுவத்திகளில் பெரும்பாலானவை பெட்ரோலியத்திலிருந்து வரும் பாரஃபின் என்பதால், தேன்மெழுகில் செய்த ஒரு ஜோடியே தனிப் பரிசாகும். குளிரில் தேன் உறைந்தால் அது கலப்படம் என்று அண்ணன் நினைத்துவிடக்கூடும். உறைவது தேனின் இயல்பு, வெதுவெதுப்பான நீரில் பாட்டிலை வைத்தால் இளகிவிடும் என்று ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். அதே சீட்டில் இன்னொன்றையும் தவறாமல் எழுத வேண்டும்: ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனைத் தொட்டுக்கூட வைக்கக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரின் வித்துகள் அந்த வயதில் நரம்புகளைத் தாக்கும் கடும் நோயை உண்டாக்கலாம். பிறந்த குழந்தைக்குத் தேன் தடவும் வழக்கம் நம்மிடையே இன்னும் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

தேயிலையைப் பற்றிச் சொன்னால், ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு நான்கு கிலோவுக்கும் மேல் பச்சை இலை வேண்டும். நீங்கள் பரிசளிக்கும் கால் கிலோப் பொட்டலத்துக்குள் ஒரு கிலோவுக்கு மேல் கொழுந்து அடங்கியிருக்கிறது. அந்தக் கொழுந்துக்குச் சிறு விவசாயிக்கு என்ன விலை கிடைத்தது என்பதுதான் இந்த மாவட்டத்தில் ஓயாத துயரம். 1965-இல் தொடங்கிய இன்கோசர்வ், சிறு தேயிலை விவசாயிகளை உறுப்பினர்களாகக் கொண்ட கூட்டுறவுத் தொழிற்சாலைகளின் இணையம். தமிழக அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீ, இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோருக்கு வாழ்வளிக்க அரசு தொடங்கிய தோட்டங்களிலிருந்து வளர்ந்தது. இந்த இரண்டிலிருந்தும் வாங்கினால் எல்லாக் குறையும் தீர்ந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. பணம் எந்தத் திசையில் போகிறது என்பதையாவது நாம் அறிந்து வாங்குகிறோம்.

கூடலூர்ப் பகுதியிலிருந்து வரும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முதுமலைக் காட்டை மூடிக்கொண்டிருக்கும் உண்ணிச்செடியின் தண்டை வேகவைத்து, வளைத்து, பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய மக்கள் யானை உருவங்கள் செய்கிறார்கள். அவர்கள் செய்த ஆளுயர யானைகள் 2021-இல் லண்டனுக்குச் சென்று காட்சிக்கு நின்றன. அதே தண்டில் செய்யும் சிறு கூடைகளும் பொம்மைகளும் கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள். காட்டுக்குக் கேடான செடியை அகற்றுவதே அங்கு ஒருவருக்குக் கூலியாகிறது.

மாமியாருக்கும் மாமனாருக்கும் நீலகிரியின் ஜனவரிக் குளிர் பெரும் சோதனை. கைத்தறி முத்திரையுள்ள சென்னிமலைப் போர்வையோ, கோ-ஆப்டெக்ஸ் கடையின் தடித்த பருத்திப் போர்வையோ நல்லது. 1935-இல் தொடங்கிய நெசவாளர் கூட்டுறவான கோ-ஆப்டெக்ஸ், சில சேலைகளில் நெய்தவரின் பெயரும் படமும் கொண்ட அட்டையைச் சேர்க்கிறது; மாமியாருக்குச் சேலை எடுத்தால் அப்படி ஒன்றைத் தேடி எடுங்கள். அம்மாவுக்கு என் ஆலோசனை வேறு. ஒரு நாள் முழுவதையும் ஒதுக்கி அவரைக் கண் பரிசோதனைக்கு அழைத்துச் சென்று, சரியான கண்ணாடி வாங்கிக் கொடுங்கள். வேதாகமத்தின் எழுத்து தெரியவில்லை என்பதை வெளியே சொல்லாமல் மனப்பாடத்திலிருந்தே வாசிக்கும் பெரியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கணவருக்கு, அவர் தூக்கியெறிய மனமில்லாமல் வைத்திருக்கும் கடிகாரத்தையோ காலணியையோ பழுதுபார்த்துக் கொடுங்கள். பழுதுபார்ப்பவருக்கும் அதில் வேலை கிடைக்கிறது.

சாக்லேட் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். உலகின் கோக்கோவில் பாதிக்கு மேல் மேற்கு ஆப்பிரிக்காவின் கோட் டிவார் (ஐவரி கோஸ்ட்), கானா ஆகிய இரு நாடுகளிலிருந்து வருகிறது. அங்குள்ள தோட்டங்களில் குழந்தைகள் அபாயகரமான வேலை செய்வது நன்கு பதிவாகியுள்ள உண்மை. நம் பிள்ளைகளை மகிழ்விக்க வாங்கும் இனிப்பில் வேறு பிள்ளைகளின் உழைப்பு கலந்திருக்கலாம் என்ற எண்ணம் எனக்கு எளிதில் நீங்குவதில்லை. பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக விளையும் கோக்கோவில் செய்த சாக்லேட் இப்போது கிடைக்கிறது. ஊட்டியில் வீட்டுச் சாக்லேட் என்று விற்பவற்றை வாங்கினால் உட்பொருள் பட்டியலைப் படியுங்கள். எடை மிகுந்தது முதலில் வரும்படிதான் அதை எழுத வேண்டும்; சர்க்கரையும் தாவரக் கொழுப்பும் முன்னால் நின்று கோக்கோ பின்னால் போயிருந்தால் அது பெயரளவில்தான் சாக்லேட்.

உயிருள்ள எதையும் பரிசாக வாங்க வேண்டாம். பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நாய்க்குட்டி ஒரு குடும்பம் கலந்து பேசிப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு ஏற்றுக்கொள்ளும் பொறுப்பு; அதைக் கூடையில் வைத்து ஆச்சரியமாக நீட்டினால், அந்த வீடு மறுக்க வழியில்லாமல் போய்விடும்.

பொதிவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழகம் முழுவதும் 2019 ஜனவரியில் ஒருமுறைப் பயன்பாட்டு நெகிழிக்குத் தடை வருவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே, நீலகிரி மாவட்டம் அதைத் தடை செய்யத் தொடங்கிவிட்டது. அந்தப் பெருமைக்குரிய நாம் கிறிஸ்துமஸ் இரவில் மட்டும் பளபளக்கும் தாள்களைக் குப்பைத்தொட்டி நிறையப் போடுவது சரியல்ல. குன்னூரிலும் கோத்தகிரியிலும் இரவில் கரடியும் காட்டெருமையும் குப்பையைக் கிளறுவதைப் பார்க்காதவர் உண்டா? தாளைக் கையில் கசக்கிப் பாருங்கள். கசங்கிய உருண்டை தானாக விரிந்தால் அதில் நெகிழி இருக்கிறது. மினுக்குத்தூள் பூசிய தாளும் அப்படியே. பழைய வேட்டித் துணியைச் சதுரமாக வெட்டி முடிச்சுப் போட்டாலே அழகாக இருக்கும். அந்தத் துணி மறுநாள் சமையலறைக்கும் பயன்படும்.

பொருளைத் தேர்ந்தெடுப்பதைவிடக் கடினமான ஒன்று இருக்கிறது. நீங்கள் கேட்காவிட்டாலும் அதை எழுதாமல் முடிக்க முடியவில்லை. எப்படிக் கொடுப்பது என்பதுதான் அது. பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் சபையில், வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள் பன்னிரண்டு பேருக்கு மட்டும் ஒரே நிறத்தில் ஸ்வெட்டர் வாங்கி, பெயர் சொல்லி மேடைக்கு அழைத்துக் கொடுத்தோம். தரமான கம்பளி, நல்ல எண்ணம். அந்த ஜனவரி முழுவதும் அந்தப் பிள்ளைகளில் ஒருவரும் ஸ்வெட்டரைப் போட்டுப் பள்ளிக்குப் போகவில்லை. அந்த நிறத்தைப் பார்த்ததும் யார் ஏழை என்று ஊருக்கே தெரிந்துவிடுகிறது என்பதைக் குளிரில் நடுங்கியபடி பள்ளிக்குப் போன ஒரு சிறுமிதான் எனக்குச் சொன்னாள்.

கிறிஸ்துமஸ் தாத்தாவின் மூலவரான மீரா நகரத்து ஆயர் நிக்கொலாஸ் 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். அவருடைய திருநாள் டிசம்பர் 6. வறுமையால் மூன்று பெண்களின் திருமணம் நின்றுபோயிருந்த வீட்டுக்குள் அவர் இரவோடு இரவாகப் பொற்காசுகளை எறிந்துவிட்டுச் சென்றார் என்பது மரபுக் கதை. சிவப்பு அங்கியையும் வெண்தாடியையும் எடுத்துக்கொண்ட நாம், முகம் காட்டாமல் கொடுத்த அந்தப் பண்பை விட்டுவிட்டோம். அந்த ஸ்வெட்டர் ஆண்டுக்குப் பிறகு எங்கள் முறையை மாற்றினோம். சபையின் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மதிப்புள்ள பரிசு மேடையில் கிடைக்கிறது. ஒரு வீட்டுக்குக் கூடுதலாக உடுப்போ போர்வையோ தேவைப்பட்டால், கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரத்தில் பெற்றோரின் கையில் அமைதியாகச் சேர்க்கிறோம். அவர்கள் அதைத் தங்கள் பரிசாகவே பிள்ளைக்குக் கொடுக்கிறார்கள். அப்பாவும் அம்மாவும் கொடுத்தது என்று அந்தப் பிள்ளை நினைப்பதுதான் எங்களுக்கு வேண்டியது.

குழந்தைகள் இல்லத்துக்குக் கேக்கோடு போகும் வழக்கம் உங்கள் சபையில் இருந்தால் இதையும் கவனியுங்கள். டிசம்பரில் ஒரே வாரத்தில் ஐந்து குழுக்கள் கேக் கொண்டுவருகின்றன. ஜூன் மாத மழையில் ஒருவரும் வருவதில்லை. என்ன தேவை, எப்போது தேவை என்று இல்லத்தாரிடம் முன்னதாகக் கேளுங்கள். பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளின் அடையாளத்தை ஊடகங்களில் வெளிப்படுத்துவதை 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் தடை செய்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், தன் வறுமையின் படம் பிறர் கைப்பேசியில் இருப்பதை எந்தப் பிள்ளையும் விரும்பாது.

இனி உங்கள் 12,000 ரூபாய்க்கு வருவோம். முழுவதையும் தனித்தனிப் பரிசுகளில் கரைத்துவிட வேண்டாம். ஒரு பிள்ளைக்கு 150 ரூபாய் என்று வைத்து, மீதியில் ஒரு நல்ல கால்பந்து, இரண்டு நீளக் கயிறு, ஒரு பல்லாங்குழிப் பலகை என்று ஓய்வுநாள் பள்ளிக்கே பொதுவாக வாங்குங்கள். பகிர்ந்து விளையாடும் பொருள் ஆண்டு முழுவதும் கையில் இருக்கும். இந்த வாரம் ஒரு நோட்டில் பிள்ளைகளின் பெயர், வயது, வீட்டு மொழி, அவரவருக்குப் பிடித்தது ஒன்று என எழுதிக்கொள்ளுங்கள். பிடித்ததைப் பிள்ளைகளிடம் நேரடியாகக் கேட்காமல், வகுப்பில் விளையாடும்போது கவனித்து எழுதினால் போதும். நவம்பர் மூன்றாம் வாரத்துக்குள் புத்தகங்களுக்கும் மரப்பொம்மைகளுக்கும் சொல்லிவிடுங்கள். டிசம்பரில் மலைக்கு வரும் பார்சல்கள் தாமதமாகும். பொட்டலம் கட்டும் வேலையைப் பெரிய பிள்ளைகளிடம் கொடுங்கள்.

கட்டும்போது 60 அல்ல, 65 கட்டச் சொல்லுங்கள். 150 ரூபாய் வீதம் அதற்கு 9,750 ரூபாய் ஆகும். பொதுப் பொருட்களுக்கு இன்னும் 2,250 ரூபாய் இருக்கும். நிகழ்ச்சியன்று மாலை, சில நாட்களுக்கு முன்புதான் லைன் வீட்டுக்குக் குடிவந்த ஏதோ ஒரு குடும்பத்தின் பிள்ளை, நோட்டில் பெயர் இல்லாமல், வாசலருகே வந்து நிற்கும்.